விளையாட்டும் வினையும்: கேலியின் தீங்கு பற்றிய பழைய விடைகளும் தீராத கேள்விகளும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் சிரிப்புக்கு நான்கு நிலைக்களங்களைச் சொல்கிறது, முதலாவது எள்ளல். அழுகைக்கும் நான்கு சொல்கிறது. அங்கே முதலில் நிற்பது இளிவு, அதாவது பிறரால் தாழ்த்தப்படுதல். இரண்டு வரிசையையும் அருகருகே வைத்தால், ஒருவர் சிரிக்கத் தொடங்கும் இடமும் இன்னொருவர் அழத் தொடங்கும் இடமும் ஒன்றாகவே இருக்கக்கூடும் என்பது புலப்படுகிறது. நூலாசிரியர் அந்த முடிவை எடுத்துச் சொல்லவில்லை. செய்யுளில் உணர்ச்சி வெளிப்படும் வழிகளை வகுப்பதே அவர் வேலை. அறம் உரைப்பது அன்று. ஆனால் அவர் வரிசைப்படுத்தி வைத்த அந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான், பின்வந்த நூற்றாண்டுகள் விடை தேடிய ஒரு கேள்வி கிடக்கிறது. கனமான ஒன்றை, இன்னொருவரின் வலியை, விளையாட்டாக்குவது எப்போது தீங்காகிறது? அந்தத் தீங்கு எங்கே இருக்கிறது: சொன்னவரின் எண்ணத்திலா, கேட்டவரின் மனத்திலா, கூடி நின்று சிரித்தவர்களிடமா?

இதற்குச் சொல்லப்பட்ட முதன்மையான விடைகளை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. எடுத்துக்காட்டுகளுக்கு அடிக்கடி திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணி வட்டாரத்துக்கு, முள்ளிப்பட்டு போன்ற பட்டு நெசவு ஊர்களின் பக்கம், திரும்ப வேண்டியிருக்கிறது. காரணம் இரண்டு. இரவு முழுக்கக் கேலியையும் துயரத்தையும் ஒரே களத்தில் நிறுத்தும் பாரதக் கூத்து வேரூன்றிய நிலம் இது. பார்ப்பவருக்கு லேசாகத் தெரிந்து, செய்பவரின் உடம்பை வாங்கும் தறிவேலையும் இங்கேதான் இருக்கிறது. ஒன்று கேலிக்கு உரிமை தந்த மரபு. மற்றது கேலியால் கனம் குறைக்கப்பட்ட உழைப்பு.

இலக்கணமும் அறநூலும்

மெய்ப்பாட்டியலுக்கு உரை கண்ட பேராசிரியர், எள்ளலை இரண்டாகப் பிரிக்கிறார்: தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறர் தன்னை எள்ளியபோது தான் நகுவது மற்றொன்று. இரண்டாவது வகையை அவர் கண்டுகொண்டது சாதாரணமல்ல. எள்ளப்பட்டவர் எப்போதும் அழுவதில்லை, சிரிக்கவும் செய்வார் என்பது அதில் அடங்கியிருக்கிறது. அந்தச் சிரிப்பு எந்த வகைச் சிரிப்பு, ஏற்றுக்கொண்டதா, வேறு வழியில்லாததா, எதிரியை அலட்சியம் செய்வதா என்ற கேள்வியை அவர் எழுப்பவில்லை. இன்றைய விவாதத்தில் பாதி அந்த எழுப்பப்படாத கேள்வியைச் சுற்றியே நடக்கிறது.

திருக்குறள் வேறு கோணத்திலிருந்து வருகிறது. பண்புடைமை அதிகாரத்தில் இரண்டு குறள்கள் சற்றுத் தள்ளித் தள்ளி நிற்கின்றன. விளையாட்டாகச் சொன்னாலும் இகழ்ச்சி துன்பம் தரும் என்கிறது ஒன்று. பிறரோடு கலந்து மகிழ முடியாதவருக்குப் பட்டப்பகலும் இருட்டுதான் என்கிறது மற்றொன்று. கேலிக்கு எதிராக நிற்கும் அதே அதிகாரம் சிரிப்பின்மைக்கும் எதிராக நிற்கிறது. நட்பு அதிகாரமோ, சேர்ந்து சிரிப்பதற்காக மட்டும் அல்ல நட்பு என்று எல்லை கட்டுகிறது. இடுக்கண் அழியாமை அதிகாரம் துன்பம் வரும்போது சிரிக்கச் சொல்கிறது. அங்கே துன்பமும் சிரிப்பும் ஒரே ஆளுடையவை. இவற்றைச் சேர்த்துப் படித்தால் ஒரு நிலைப்பாடு கிடைக்கிறது: தன் துயரைக் கண்டு சிரிக்கலாம், பிறரோடு சேர்ந்து சிரிக்க வேண்டும், பிறரைத் தாழ்த்திச் சிரிப்பது பண்பல்ல.

அழகான வகைப்பாடு. குறை என்னவென்றால், இந்த அறம் முழுக்கப் பேசுபவரை நோக்கியே சொல்லப்பட்டிருக்கிறது. பண்புடையவர் எப்படிப் பேசுவார் என்பதைச் சொல்லும் நூல், பண்பில்லாதவரிடம் அகப்பட்டவர் என்ன செய்வது என்று கேட்டால் பொறையுடைமை அதிகாரத்தைத்தான் காட்டும். பொறுத்துக்கொள்வது பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையின் செலவை ஒரு தரப்பே ஏற்க வேண்டியிருக்கிறது.

பழமொழி இன்னும் சுருக்கமாக முடித்துவிடுகிறது: விளையாட்டு வினையாகும். ஊர்ப்புறத்தில் இன்றும் முதலில் வந்து விழும் தீர்ப்பு இதுதான். இது விளைவை வைத்துக் குற்றத்தை அளக்கும் பார்வை. கை ஒடிந்தால், ஆள் கிணற்றில் விழுந்தால், கேலி குற்றமாகிவிடும். ஒன்றும் ஆகாவிட்டால் அது விளையாட்டாகவே போகும். நாள்தோறும் சிறிது சிறிதாகக் குன்றிப்போகிற ஒரு மனத்தை அளக்க இந்தப் படியில் இடமில்லை.

கூத்துக்களத்தில் இரண்டு சிரிப்புகள்

அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988-இல் வெளியிட்ட திரௌபதி வழிபாடு பற்றிய பெருநூல், அந்த வழிபாட்டின் மையநிலமாகச் செஞ்சி வட்டாரத்தைக் காட்டியது. ஆரணி அதன் வடக்குப் பக்கம். இங்கெல்லாம் பாரத விழாவில் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி. செய்யாறு பக்கத்துப் புரிசையின் தம்பிரான் பரம்பரை இந்தக் கலையை மாவட்டத்துக்கு வெளியே, கடல் கடந்தும் கொண்டுபோனது.

நம் கேள்விக்குப் பாரதம் தொடக்கமும் உச்சமும் தருகிறது. தொடக்கம், மயன் கட்டிய மண்டபத்தில் துரியோதனன் தண்ணீரைத் தரையென்று எண்ணி விழுந்தபோது எழுந்த சிரிப்பு. உச்சம், அஸ்தினாபுரத்துச் சபையில் திரௌபதி இழுத்துவரப்பட்டபோது எழுந்த சிரிப்பு. ஊர்வழக்கில், சிரித்தவள் திரௌபதி, அதனால் வந்தது பதினெட்டு நாள் போர் என்று கதை முடிக்கப்படும். வியாசர் சபாபருவத்தில் செய்திருப்பதோ நுட்பமானது. நிகழ்ச்சியைக் கவி நேரே சொல்லும் இடத்தில் சிரிப்பவர்கள் பீமனும் அவன் தம்பியரும் ஏவலாட்களும். பிறகு துரியோதனன் தந்தையிடம் முறையிடும்போதுதான் கண்ணனும் திரௌபதியும் அவளுடைய பெண்களும் சிரித்தவர்களின் வரிசையில் சேர்கிறார்கள். அவமானப்பட்டவனின் நினைவில் சிரித்தவர்களின் எண்ணிக்கை கூடுகிறது. அவன் பொய் சொன்னான் என்று எடுத்துக்கொள்ளலாம். அவமானம் அப்படித்தான் நினைவில் பெருகும் என்றும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் பிரதி இடம் தருகிறது.

இங்கிருந்து இரண்டு எதிரெதிரான வாசிப்புகள் கிளைக்கின்றன. ஒன்று, கேலியின் வலிமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா, ஒரு சிரிப்பு குலத்தையே அழித்ததே என்பது. மேடைப் பேச்சாளர்களுக்குப் பிடித்த வாசிப்பு இது. மற்றது, புண்பட்ட மனம் என்பதைக் காரணமாக வைத்துக்கொண்டு ஒருவன் செய்த கொடுமைக்குச் சிரிப்பைப் பொறுப்பாக்குவதே அநீதி என்பது. வழுக்கி விழுந்தவனைப் பார்த்து எழுந்த சிரிப்பும், ஒரு பெண்ணை நடுச்சபையில் நிறுத்தி எழுப்பிய சிரிப்பும் எடையில் ஒன்றாகா. முதல் வாசிப்பு அந்த எடை வேறுபாட்டை அழித்துவிடுகிறது. அதோடு போருக்கான பழியை வசதியாகப் பெண்ணின் தலையில் வைக்கிறது. எனக்கு இரண்டாவது வாசிப்பே வலுவாகத் தோன்றுகிறது. ஆனால் முதல் வாசிப்பை முற்றிலும் தள்ள முடியாது. தன்னைச் சிறுமைப்படுத்திய சிரிப்புக்கு எந்த நியாயமான வழியிலும் பதில் கிடைக்காதபோது அது எங்கோ ஓரிடத்தில் புளித்துக் கிடக்கும் என்பதைப் பாரதம் தெரிந்தே சொல்கிறது.

கூத்து இந்தக் கதைக்குள் இன்னொரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறது: கட்டியக்காரன். வியாசரிடம் இல்லாதவன். அரசன் திரைக்குப் பின்னால் நின்று தன் பெருமையைப் பாடும்போது முன்னால் நின்று குறுக்குக் கேள்வி கேட்பவன். காவலாளி, தூதன், ஏவலாள் எல்லாம் அவனே. கனத்த கட்டங்களிலும் அவன் வாய் முற்றிலும் அடைபடுவதில்லை. துகிலுரியும் கட்டத்தில் கற்பூரம் ஏற்றித் திரௌபதியை வணங்கிவிட்டு ஆட்டத்தைத் தொடரும் வழக்கம் உள்ள அதே களத்தில்தான் அவனும் நிற்கிறான். பக்தியும் நக்கலும் ஒரே விளக்கு வெளிச்சத்தில்.

இதை எப்படிப் புரிந்துகொள்வது? விடிய விடிய உட்கார்ந்திருக்கும் சனத்துக்கு மூச்சுவிடக் கிடைக்கும் இடைவெளி என்பது எளிய விளக்கம். அரசனைக் கேள்வி கேட்கும் உரிமையைச் சமூகம் ஒரு வேடத்துக்குக் கொடுத்து வைத்திருக்கிறது என்பது அரசியல் விளக்கம். சபையில் கௌரவர்கள் சிரித்ததைப் போலப் பார்வையாளரையும் ஒரு கணம் சிரிக்கவைத்து, தாங்களும் அந்தச் சபையில் உட்கார்ந்திருப்பதை உணரவைப்பது மூன்றாவது விளக்கம். மூன்றாவது மிகவும் கவர்ச்சியானது. மெய்ப்பிக்க மிகவும் கடினமானதும் அதுவே. சிரித்தவர் கூசினாரா, சிரித்துவிட்டு மறந்தாரா என்பதை யார் அளப்பது? மேலும், கட்டியக்காரனின் கேலி அரசனோடு நிற்பதில்லை. பெண்களின் உடல், ஊனம், வேறு சாதிக்காரரின் பேச்சுவழக்கு எல்லாம் அவன் சரக்கில் உண்டு. கேலிக்கான உரிமை மேலே உள்ளவரை நோக்கி மட்டும் பாய்ந்ததாக மரபைப் புகழ்பவர்கள் பாதிக் கூத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

முறையுள்ள கேலி

மானுடவியலில் இதற்குத் தனி வரலாறு உண்டு. ராட்கிளிஃப் பிரவுன் 1940-இல் எழுதிய கட்டுரை, சில உறவுகளில் கேலி செய்வது அனுமதி மட்டுமல்ல, எதிர்பார்ப்பும்கூட என்றும், கேலிக்கு உள்ளானவர் கோபப்படக் கூடாது என்பதும் அந்த உறவின் விதி என்றும் விளக்கியது. தமிழருக்கு இது புதிய சேதியல்ல. மாமன், மச்சான், கொழுந்தியாள், அத்தை மகள் என்று முறை வைத்தே கேலி நடக்கிறது. அண்ணன், சித்தப்பாவிடம் அதே சொல் மரியாதைக் குறைவு. நலங்கின்போது சம்பந்தி வீட்டாரை ஏசிப் பாடுவதற்கென்றே பாட்டு இருந்தது. பகையாக மாறக்கூடிய இரண்டு வீடுகள் சிரிப்பின் வழியே பக்கத்தில் உட்காரப் பழகின.

இந்த நிலைப்பாட்டின் வலிமை, கேலியின் பொருள் சொல்லில் இல்லை, சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடையிலுள்ள உறவில் இருக்கிறது என்று காட்டியது. பலவீனமும் அங்கேதான். உறவு விதி யார் கோபப்படக் கூடாது என்று சொல்கிறதே தவிர, யாருக்குக் கோபம் வந்தது என்று கேட்பதில்லை. முறைமாமன் கேலியை முறைப்பெண் மறுக்க வழியுண்டா? புதிதாக வந்த மருமகளின் நிறத்தை, வீட்டுச் சீரை, சமையலைப் பற்றிய நக்கல் எத்தனை ஆண்டு நீண்டாலும் அது முறையுள்ள கேலிதானா? இன்னொன்று, முறை என்பது சாதிக்குள் முடிந்துவிடும். அதற்கு வெளியே உள்ளவரைக் கேலி செய்யும்போது திருப்பிக் கேலி செய்யும் உரிமை அவருக்கு இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொதுப்பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதைத் தனிக்குற்றமாக வைக்க நேர்ந்தது இந்த ஒருவழிப் பாதையால்தான்.

ஐரோப்பாவின் மூன்று விடைகள், ஆய்வுக்கூடத்தின் சில

மேலைத் தத்துவத்தின் விடைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாடநூல்கள் போதுமான அளவு சொல்லியிருக்கின்றன. பிளேட்டோ முதல் ஹாப்ஸ் வரை நீளும் ஒரு மரபு, சிரிப்பு என்பது பிறர் குறையைக் கண்டு நாம் அடையும் மேட்டிமை என்கிறது. காண்ட் வழி வந்தவர்கள் எதிர்பார்ப்பும் முடிவும் பொருந்தாமையே சிரிப்பு என்கிறார்கள். 1905-இல் பிராய்டு அடக்கிவைத்த ஆற்றல் நகைச்சுவை வழியே வெளியேறுகிறது என்றார். 1900-இல் பெர்க்சன் சொன்னது நம் பொருளுக்கு மிக நெருக்கமானது: சிரிப்பதற்கு மனம் ஒரு நொடி மரத்துப்போக வேண்டும். பிறருக்காக நோகும் நெஞ்சு அந்த நேரத்தில் சிரிக்காது. அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. சமூகம் தன் விறைப்பான உறுப்பினர்களைத் திருத்தும் கருவியாகவே கேலியைக் கண்டார். திருத்தப்படுபவர் யார், எதை நோக்கித் திருத்தப்படுகிறார் என்பதில் அவருக்கு ஐயம் எழவில்லை. பிரிட்டனின் மைக்கேல் பில்லிக் 2005-இல் எழுதிய நூல், ஒழுங்கை நிலைநாட்டும் இந்தக் கேலியின் இருண்ட பக்கத்தை முதன்மைப்படுத்தியது.

உளவியல் ஆய்வுகளில் மூன்றைக் கவனிக்கலாம். க்ரூகரும் உடனாய்வாளர்களும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, கேலி செய்பவர் தன் எண்ணம் நல்லது என்பது கேட்பவருக்கும் தெரியும் என்று நம்புகிறார், அதனால் அவருக்கு ஏற்பட்ட வலியைக் குறைத்தே மதிக்கிறார் என்று காட்டியது. சொன்னவரின் எண்ணத்தை வைத்துத் தீர்ப்பளிக்கும் பழைய வழக்கத்தை இது வெகுவாக அசைக்கிறது. ஃபோர்டு, பெர்குசன் இருவரும் 2004-இல் முன்வைத்த கோட்பாடு கூட்டத்தைப் பற்றியது: இழிவுபடுத்தும் நகைச்சுவை புதிதாக வெறுப்பை விதைப்பதில்லை; ஏற்கெனவே வெறுப்புள்ளவருக்கு அதை வெளிக்காட்ட இதமான சூழலைத் தருகிறது. 2010-இல் மெக்ரா, வாரன் இருவரும், ஒன்று மீறலாகவும் அதே நேரம் தீங்கற்றதாகவும் தோன்றும்போதுதான் சிரிப்பு வருகிறது என்றார்கள்; துயரம் தொலைவில் இருந்தால் சிரிக்க எளிது என்பதும் அவர்களது அடுத்த ஆய்வுகளின் முடிவு. இவற்றில் பெரும்பகுதி அமெரிக்கப் பல்கலைக்கழகச் சூழலில் நடந்தவை. முறை வைத்துக் கேலி பேசும் சமூகத்துக்கு அப்படியே பொருந்துமா என்பது வேறு கேள்வி. ஆனாலும் மூன்றும் ஓரிடத்தில் கூடுகின்றன: கேலியின் தீங்கு, சொன்னவர் பார்க்க முடியாத இடத்தில் விழுகிறது.

சட்டம் எடுத்த இரண்டு பக்கங்கள்

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி தத்துவமாக இருந்ததைவிட வழக்காக இருந்ததே அதிகம். 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட வழக்கு, அதுவரை கல்லூரிச் சடங்காக நினைக்கப்பட்ட ராகிங்கின் மேல் மாநிலத்தின் கண்ணைத் திருப்பியது. அடுத்த ஆண்டே வந்த தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம், உடல் தீங்கோடு நிற்கவில்லை. மனத்தீங்கு, அச்சம், வெட்கம், கூச்சம் ஏற்படுத்துவதையும் சேர்த்தது. கேலி செய்வதையும் குறும்பு விளையாட்டுகளையும் பெயர் சொல்லியே உள்ளடக்கியது. மாணவர் இயல்பாகத் தானே விரும்பிச் செய்யாத ஒன்றைச் செய்யச் சொல்வதும் குற்றம். இந்தக் கடைசி அளவுகோல் கூர்மையானது. சிரித்தாரா இல்லையா என்று பார்ப்பதில்லை. மறுக்க முடிந்ததா என்று பார்க்கிறது.

1998-இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவியின் சாவுக்குப் பிறகு ஈவ் டீசிங் தடைச் சட்டம் வந்தது. 2002-இல் திருத்தப்பட்டபோது, 'டீசிங்' என்பது நீக்கப்பட்டுப் பெண்களைத் துன்புறுத்தல் தடைச் சட்டமாயிற்று. சீண்டல் என்ற லேசான உறைக்குள் வைத்திருந்த ஒன்றை வெளியே எடுத்துப் பார்க்க மாநிலத்துக்கு நான்கு ஆண்டு பிடித்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 92-ஆவது பிரிவில், பொதுப்பார்வையில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதிப்பதற்குத் தண்டனை வைத்தது.

தமிழ்த் திரையின் நகைச்சுவைக் காட்சிகளில் பாதி இந்தப் பிரிவுக்கு அருகில் நடமாடியவைதாம். கருத்த உடல், பருத்த உடல், திக்குவாய், அடிவாங்கும் ஏவலாள், திருநங்கை. இவற்றை வைத்துச் சிரிக்க வைப்பது தொழில் இலக்கணமாகவே இருந்தது. 2015-இல் வெளியான 'ஐ' படத்தில் திருநங்கையரைக் காட்டிய விதத்தை எதிர்த்து அவர்களே தெருவுக்கு வந்தார்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், ஓர் இந்திப் படம் பற்றிய வழக்கில், மாற்றுத்திறனாளியைத் தாழ்த்தும் நகைச்சுவையையும், மாற்றுத்திறனின் அனுபவத்தைப் புரியவைக்கும் நகைச்சுவையையும் பிரித்துப் பார்த்தது. பேராசிரியரின் உரையில் நின்றுபோன பகுப்பு கிட்டத்தட்ட இங்கே தொடர்கிறது.

சட்டத்தின் மறுபக்கம் வேறு கதை. 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் சட்டமன்ற உறுப்பினரையும் அமைச்சரையும் பற்றி வந்த ஒரு துணுக்குக்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் சிறைக்கு அனுப்பப்பட்டார். கனமான சபையை லேசாக்கிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில், கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனு கொடுத்தும் பயனில்லாமல் ஒரு குடும்பம் தீக்குளித்து மாண்டது. அதைப் பற்றி முதலமைச்சரையும் அதிகாரிகளையும் ஆடையின்றி வரைந்த கேலிச்சித்திரக்காரர் பாலா நவம்பரில் கைதானார். துயரத்தை லேசாக எடுத்துக்கொண்டவர் யார்? மனுக்களை வாங்கி வைத்தவர்களா, கோபத்தில் கோடு கிழித்தவரா? அந்தச் சித்திரத்தின் சுவை பற்றி வாதிடலாம். அது துயரத்தைச் சிறிதாக்கவில்லை என்பதில் வாதிட இடம் குறைவு.

2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்த்த வழக்கு இன்னும் வேடிக்கையானது. சிறுமலைக்குக் குடும்பத்தோடு போன ஒருவர், துப்பாக்கிப் பயிற்சிக்குப் போவதாகக் கிண்டலாகப் படம் போட்டதற்கு வாடிப்பட்டிக் காவல்துறை வழக்குப் போட்டது. அதை ரத்துசெய்த நீதிபதி, நையாண்டி எழுத்தாளர்கள் இந்தத் தீர்ப்பை எழுதியிருந்தால் அரசியலமைப்பின் அடிப்படைக் கடமைகளில் சிரிக்கும் கடமையையும் சேர்க்கச் சொல்லியிருப்பார்கள் என்று எழுதினார். பண்புடைமை அதிகாரத்தின் இரண்டாவது குறளுக்கு இது நல்ல விளக்கவுரை.

இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால், 'உணர்வு புண்பட்டது' என்பது அளவுகோலாக நிற்க முடியாது என்று தெரிகிறது. அமைச்சரும் புண்படுகிறார், முதலாண்டு மாணவனும் புண்படுகிறான். எழுத்தாளர் பெருமாள்முருகன் 2015-இல் எழுத்தைக் கைவிடுவதாக அறிவிக்க வேண்டிவந்தது நகைச்சுவைக்காக அல்ல. ஆனால் திரண்டு வந்து புண்பட்ட உணர்வு எவ்வளவு பலமுள்ளது என்பதை அது காட்டியது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. புண்பட்டதாகச் சொல்ல எல்லோருக்கும் முடியும். சொன்னதைக் காவல் நிலையத்தில் எழுதிக்கொள்ள வைக்க எல்லோருக்கும் முடிவதில்லை.

புகாரை வெட்டும் சிரிப்பு

மேலே கண்ட விடைகள் எல்லாம் வலியைத் தேடுகின்றன: எவ்வளவு வலித்தது, வேண்டுமென்றே வலிக்கவைத்தாரா, வலிக்க உரிமை உண்டா. அதைவிடக் குறைவாகப் பேசப்பட்ட தீங்கு ஒன்று உண்டென்றும் அதுவே அடிப்படையானதென்றும் கருத இடமிருக்கிறது. கேலி ஒரு விஷயத்தின் கனத்தைக் குறைக்கும்போது, அதைப் பற்றி முறையிடும் வழியையும் அடைத்துவிடுகிறது. 'விளையாட்டுக்குச் சொன்னேன்' என்பது மன்னிப்பு அல்ல, எதிர்வாதம். வழக்கை அது சொன்னவரிடமிருந்து கேட்டவரிடம் மாற்றிவிடுகிறது. இப்போது விசாரணைக்கு உரியது அவர் சொன்ன சொல் அல்ல, இவருக்குச் சிரிக்கத் தெரியாத குறை. ஆங்கிலத் தத்துவ அறிஞர் மிராண்டா ஃப்ரிக்கர் 2007-இல், ஒருவரின் சாட்சியத்துக்கு அவர் யார் என்பதால் குறைவான நம்பகம் தருவது தனிவகை அநீதி என்று எழுதினார். கேலியை அந்த அநீதியின் எளிய கருவியாக அவர் தனித்து ஆராயவில்லை. ஆனால் அவருடைய சட்டகம் இதற்குப் பொருந்துகிறது.

தறிவேலையை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். குழித்தறியில் நெய்பவர் காலைக் குழிக்குள் தொங்கவிட்டு, மிதியை மாறி மாறி அழுத்தி, நாடாவைத் தள்ளி, பலகையை அடித்து நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். ஒரு பட்டுச்சேலை முடிய நாட்கள் ஆகும். முதுகும் முழங்காலும் கண்ணும் அதற்குக் கொடுக்கும் விலை தனி. வெயிலில் வேலை செய்யும் ஊர்க்காரருக்கோ இது நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலை. அந்தப் பேச்சில் பகையில்லை, பெரும்பாலும் சிரிப்போடுதான் வரும். ஆனால் அது திரும்பத் திரும்ப வரும்போது, 'முதுகு போச்சு' என்று நெய்பவர் சொல்லும் சொல் குறையாகக் கேட்கப்படாமல் சோம்பலாகக் கேட்கப்படுகிறது. தார் சுற்றி, பாவு பிணைத்து, சமையலையும் பார்க்கும் பெண்ணின் வேலைக்கு நிலைமை இன்னும் மோசம். அது ஒத்தாசை என்றே கணக்கில் வருகிறது. 2019-20-இல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில், நாட்டின் சுமார் 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் ஐயாயிரத்தைத் தாண்டவில்லை. இந்த எண்ணுக்கு நக்கல் காரணம் என்று சொல்வது அபத்தம். நூல்விலை, விசைத்தறி, கூலிமுறை எல்லாம் காரணங்கள். ஆனால் கூலி உயர்வு கேட்டு ஒரு சொல் எழும் முன்பே, அந்த வேலை லேசானது என்று ஊரே சிரித்துச் சம்மதித்திருந்தால், அந்தச் சொல் எங்கே போய் நிற்கும்?

அரசும் இதற்கு விலக்கல்ல. 2015 முதல் ஆகஸ்டு 7 தேசியக் கைத்தறி நாள். முதல் விழா சென்னையிலேயே நடந்தது. 2020-இல் அதே விழாவுக்குச் சில நாட்கள் முன்பு, நெசவாளர் குரல் எட்டுவதற்கென இருந்த அகில இந்தியக் கைத்தறி வாரியம் கலைக்கப்பட்டது. இது கேலி அல்ல. ஆனால் கொண்டாட்டம் முறையீட்டின் இடத்தில் உட்கார்ந்துகொள்வதும் கனத்தைக் குறைக்கும் இன்னொரு வழிதான்.

இந்தக் கோணத்தின் ஆதாயம், நையாண்டியையும் நக்கலையும் பிரிக்க வழி கிடைப்பது. புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' கதையில் இருக்கும் ஏளனம், கற்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பவர்களை நோக்கியது. வறுமையில் தவிக்கும் அந்தப் பெண்ணின் நிலை அதனால் கனக்கவே செய்கிறது. பாலாவின் சித்திரமும் அப்படி. ராகிங் விடுதியின் சிரிப்பு எதிர்த்திசை. பலவீனமும் உண்டு: எந்தச் சிரிப்பு முறையீட்டை அடைத்தது என்பதைப் பின்னால்தான் அறிய முடியும், சில வேளை எப்போதுமே அறிய முடியாது, ஏனென்றால் எழாத புகாருக்குச் சாட்சி இல்லை.

தீராதவை

சொல்லப்பட்ட விடைகளில் எண்ணத்தை மட்டும் பார்க்கும் விடை மிகவும் தளர்ந்துவிட்டது என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். புண்பட்ட உணர்வை மட்டும் பார்ப்பதும் நிற்கவில்லை. உறவையும் மறுக்கும் வாய்ப்பையும் பார்க்கும் விடைகள் தாங்குகின்றன, ஆனால் அவை சிறிய கூட்டத்துக்காக அமைந்தவை. கட்டியக்காரன் யாரைக் கேலி செய்கிறான் என்பது களத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். பொழுது விடிந்தால் வேடம் கலையும். கைபேசியில் சுற்றும் மீமுக்குக் களம் இல்லை, விடியலும் இல்லை. சொன்னவர் யாரென்று தெரியாத, சிரித்தவர் எத்தனை பேரென்று தெரியாத கேலியை முறை, உறவு, பதில் என்ற பழைய சொற்களால் எவ்வளவு தூரம் அளக்க முடியும்?

தன்னைத்தானே கேலி செய்பவரின் நிலையும் தெளிவாகவில்லை. தறிக்குழியைத் தன் சமாதி என்று சிரித்துக்கொண்டே சொல்லும் நெசவாளர் குறள் சொன்னபடி இடுக்கணை வெல்கிறாரா, அல்லது ஊர் சொல்வதற்கு முன் தானே சொல்லி முடித்துவிடுகிறாரா? இரண்டும் ஒரே வாக்கியமாகக் காதில் விழும்.

பரிகாரம் பற்றியும் விவாதம் தொடங்கியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்த சில மேடை நகைச்சுவையாளர்களைத் தங்கள் அலைவரிசைகளிலேயே மன்னிப்புக் கேட்கச் சொன்னது. பிறகு மாற்றுத்திறனாளிகளைத் தங்கள் மேடைக்கு அழைத்து, அவர்களுக்காக நிதி திரட்டும் நிகழ்ச்சிகளை நடத்தவும் சொன்னது. சிரித்த அதே மேடையில் கேலிக்குள்ளானவருக்கு இடம் தருவது தண்டனையைவிட மேலான யோசனையாகத் தோன்றுகிறது. உத்தரவின் பேரில் கிடைக்கும் மேடையில் அவர் என்ன பேசுவார், அதைக் கேட்க வருபவர் எதற்காக வருவார் என்பது இனிப் பார்க்க வேண்டியது.